பந்தை வழியனுப்பும் முறை

எங்கள் தேன்கரட்டுக் கோல்ஃப் மைதானத்தில் பந்தை யாரும் அடிப்பதில்லை, வழியனுப்புவார்கள். மட்டை திசை காட்டுவதற்கு மட்டும்தான். வழியனுப்புகிறவர் நேற்று வந்த அதே ஆள் என்று பந்துக்கு உறுதிப்பட வேண்டும். உறுதிப்பட்டால் கிளம்பும், சந்தேகம் வந்தால் புல்லிலேயே உட்கார்ந்திருக்கும். அறிமுகமில்லாதவர் சொல்வதைக் கேட்டு யாரும் பயணம் கிளம்புவதில்லை. பந்தும் அப்படித்தான்.

ஆகையால் இங்கே ஆட்டம் கற்பது என்றால், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நடந்துகொள்ளக் கற்பது என்றே பொருள். எனக்கு அதற்கு ஒரு மழைக்காலம் முழுவதும் தேவைப்பட்டது. முதலில் பந்துக்குப் பின்னால் நின்று கொடியைப் பார்ப்பேன். புடவைத் தலைப்பை இழுத்து இடது இடுப்பில் செருகுவேன். மட்டையைக் காற்றில் இரண்டு முறை வீசிப் பார்ப்பேன். வலது காலை முதலில் வைப்பேன், இடது காலைப் பிறகு. மூச்சை நிறைய இழுத்துப் பாதியை விடுவேன். மீதிப் பாதியில், வழியனுப்பும் சொல்லைச் சொல்வேன்.

இவற்றில் எது மாறினாலும் பந்து கண்டுபிடித்துவிடும். ஒருநாள் தலைப்பை வலப்பக்கம் செருகிவிட்டேன். அது என்னை அறிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. மூக்கடைப்போடு போன அன்று, குரல் மாறியிருந்ததால் அசையவில்லை. வீட்டுக்குப் போய் ஆவி பிடித்துவிட்டு மாலையில் வந்தேன், உடனே கிளம்பியது. ஒரு திருமணத்திலிருந்து நேராகப் பட்டுப் புடவையோடு போனபோது, மரியாதையாக இருந்ததே தவிர நகரவில்லை. பிறகு கைத்தறிப் புடவைக்கு மாறிக்கொண்டு வந்தேன். படிப்படியாக நான் நானாகவே இருக்கப் பழகினேன்.

கிளம்பிய பந்து, சொன்ன சொல்லைத் தட்டுவதில்லை. அதில்தான் சிக்கல் இருந்தது.

எங்கள் சங்கத்தின் மூத்த ஆட்டக்காரர் கர்னல் இஸ்ரவேல், பாளையங்கோட்டைக்காரர். அவர் தம் பந்தைப் பார்த்து, "தொலைஞ்சு போலே!" என்பார். பந்து போகும், தொலையும். மைதானத்தைச் சுற்றியுள்ள தேயிலைப் புதர்களில் கிடைக்கும் பந்துகளெல்லாம் அவருடையவைதாம். சங்கச் செயலாளர் சென்னியப்பன் மென்மையானவர். அவர், "பாத்துப் போ சாமி" என்பார். அவருடைய பந்து தரையோடு பார்த்துப் பார்த்துப் போகும். வண்டிப்பாதை வந்தால் நின்று இருபுறமும் கவனித்துக் கடக்கும். குழியை அடைவது உறுதி. ஆனால் பொழுது சாய்ந்துவிடும்.

நான் சொல்வது, "போயிட்டு வா."

எங்கள் வீட்டிலிருந்து யாரையும் நாங்கள் வெறுமனே 'போ' என்று அனுப்பியதில்லை. பள்ளிக்குப் போகிற குழந்தையானாலும், கேஸ் சிலிண்டரை வைத்துவிட்டுக் கிளம்புகிறவரானாலும், போயிட்டு வாங்கதான். அந்தச் சொல் என் முறைக்குள் தானாகவே வந்து சேர்ந்துவிட்டது. பந்தும் கேட்டுக்கொண்டது. அழகாக எழும்பும், வளையும், நேராகக் குழிக்குள் விழும். போயாயிற்று. பிறகு அதே வழியில் எழும்பி வந்து என் காலடியில் உட்காரும். வந்தாயிற்று. இவ்வாறாக, சங்கத்திலேயே குறி தவறாத ஆட்டக்காரியாகவும், ஒரு குழியைக்கூட முடிக்காதவளாகவும் நான் இருந்தேன்.

இதனால் யாருக்கும் தொந்தரவு இருந்ததில்லை, எங்களிடம் ஒரே ஒரு குழி மிஞ்சும்வரை.

மலைக்குக் கீழே வெள்ளிமேடு இருக்கிறது. அவர்களுக்கும் எங்களுக்கும் ஆண்டுதோறும் ஒரு பந்தயம் நடக்கும். தோற்ற சங்கம் வென்ற சங்கத்துக்கு ஒரு குழியைக் கொடுத்துவிட வேண்டும். ஆரம்பத்தில் அவர்களுக்கு ஒன்பது, எங்களுக்கு ஒன்பது. நாங்கள் தொடர்ந்து கொடுத்துக்கொண்டே வந்ததில் அவர்களிடம் பதினேழு சேர்ந்துவிட்டன. பதினெட்டு ஆகிவிட்டால் அது முழு மைதானம். 'பதினெட்டுக் குழி மைதானம்' என்று பலகை எழுதி, துணி போட்டு மூடி வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டோம். எங்கள் கடைசிக் குழியும் போனால், எங்களிடம் இருப்பது மைதானம் ஆகாது, புல். புல்லை மாட்டுச் சந்தைக்கு ஒதுக்க ஊராட்சி தயாராக இருந்தது. மூக்கடைப்புக்கும் பட்டுப்புடவைக்கும் இடையில் நான் கட்டியெழுப்பிய முறை, அதன்பின் எதை நோக்கி நிற்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

சங்கக் கூட்டத்தில் சென்னியப்பன் எழுந்தார்.

"கர்னல் போனா பந்து தொலையுது. நான் போனா இருட்டீருது. பந்தயம் மத்தியானத்தோட முடிஞ்சுருமுங்க. மேடம் போனா…"

"திரும்பி வரும்," என்றேன்.

"அதேதானுங்க. ஆனா போறது நேரா குழிக்குத்தான போவுது."

கர்னல் மீசையைத் தடவினார். "மேடம், அந்த 'வா'வ மட்டும் வெட்டிருங்க. ஒத்த எழுத்து. 'போ'ன்னு சொன்னா போயி அங்கயே கெடக்கும்லா?"

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மயிலாத்தாள் திரும்பினாள். அவள் என் கணவரின் தங்கை. சங்கத்தில் உறுப்பினர் இல்லை, வடை வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். "நீங்க அந்தத் 'தொலைஞ்சு'ங்கறத வெட்டிப் பாருங்களேன், கர்னல்."

"அத வெட்டுனா, வேற எவனோ பேசுதான்னு நெனைச்சுக்கிடும்மா. பல வருசப் பழக்கம்."

"எங்க அண்ணிக்கு மட்டும் நேத்துப் பழக்கமுங்களா?"

இருந்தாலும் நான்தான் போவது என்று தீர்மானமாயிற்று. 'போ' என்று சொல்லப் பழகுவதாக ஒப்புக்கொண்டேன்.

வீட்டில் பயிற்சியைத் தொடங்கினேன். காலையில் பால் ஊற்றிவிட்டுக் கிளம்பியவரிடம், "போங்க" என்றேன். அவர் படியிலேயே நின்றுவிட்டார். மறுநாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாள் அவருடைய மனைவி வந்து, பாலில் என்ன குறை கண்டீர்கள் என்று கேட்டார். குறை ஒன்றும் இல்லை, கோல்ஃபுக்காகச் சொன்னேன் என்றதும் அவர் சமாதானமாகி, கிளம்பும்போது, "போயிட்டு வரேனுங்க" என்றார். "போயிட்டு வாங்க" என்றேன். என்னை அறியாமல் வந்துவிட்டது.

மைதானத்திலும் முயன்றேன். கொடியைப் பார்த்தேன், தலைப்பைச் செருகினேன், மட்டையை வீசினேன், கால்களை வைத்தேன், பாதி மூச்சில், "போ" என்றேன். பந்து கிளம்பவில்லை. மெல்ல உருண்டு, பெயர் அச்சிட்ட பக்கத்தை என்னிடமிருந்து திருப்பிக்கொண்டது. மதியம்வரை அப்படியே இருந்தது. கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, வெந்நீரில் குளிப்பாட்டித் துடைத்து, ஜன்னலோரம் வெயிலில் வைத்தேன். மறுநாள் "போயிட்டு வா" என்றதும் போயிட்டு வந்தது. எங்களுக்குள் பழையபடி ஆயிற்று. பந்தயத்துக்கு ஒரு வாரம் இருந்தது.

அந்த வாரத்தில் ஒருநாள் மயிலாத்தாளின் தூக்குப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க அவள் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே கொடுத்துவிட்டுத் திரும்புவதாகத்தான் எண்ணம். எனக்குப் பயிற்சி இருந்தது.

"என்னங்க அண்ணி, வந்த காலோட திரும்பறீங்க?"

"இல்ல மயிலு, மைதானத்துக்குப் போகணும்."

"மைதானம் எங்க போயிருது? உள்ள வாங்க. ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போங்க."

காப்பி குடித்தேன். எழுந்தேன்.

"காப்பியோட போவாங்களா? சந்தகைக்கு மாவு வெந்துட்டிருக்குது. பிழிஞ்சா ஆச்சு."

உட்கார்ந்தேன். அவள் சந்தகை பிழிந்தாள், தேங்காய்ப்பால் ஊற்றினாள். மறுபடி எழுந்தபோது, சாதம் குக்கரில் இருக்கிறது, இனி எழுந்து போனால் அண்ணனுக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டாள். நான் காலையில் போய் மாலையில்தான் வெளியே வந்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, இங்கிருந்து எப்படிக் கிளம்புவது என்று யோசித்துப் பார்த்தேன். வழி எதுவும் புலப்படவில்லை. அது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது.

"மயிலு, பந்தயத்துக்குக் கொடி பிடிக்க வர்றியா?"

"கொடி பிடிச்சு?"

"குழி பக்கத்துல நிக்கணும். பந்து வரும். உன் வீட்டுக்கு வந்ததா நெனச்சுக்கோ."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அதுக்கு என்னங்க அண்ணி புடிக்கும்?"

எனக்குத் தெரியவில்லை. காரம் குறைவாக இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். சென்னியப்பன் பந்தய விதிகளைப் படித்துப் பார்த்தார். கொடி பிடிப்பவர் பந்தைத் தொடக் கூடாது என்று இருந்தது. பேசக் கூடாது என்று இல்லை. பரிமாறுவதைப் பற்றி விதிகளில் ஒன்றுமே இல்லை.

பந்தயத்தன்று காலைப் பேருந்தில் நால்வரும் வெள்ளிமேட்டுக்கு இறங்கினோம். மைதானத்தின் வாயிலில் அந்தப் பலகை துணி மூடி நின்றது. வெள்ளிமேட்டின் ஆட்டக்காரர் டாக்டர் நாச்சிமுத்து, பல் மருத்துவர், கைகூப்பி வரவேற்றார்.

"வாங்க மேடம். பல்லெல்லாம் எப்படி இருக்குதுங்க?"

"இருக்குது டாக்டர்."

"அதுதான வேணும்."

பந்தயம் ஒரே குழியில் நடக்கும். குறைந்த வீச்சில் முடிப்பவருக்கு வெற்றி. முடிந்ததா என்பதை நடுவர்தான் சொல்ல வேண்டும். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு, குனிந்து குழிக்குள் பார்த்து, "இருக்கு" என்று சொன்னால் முடிந்தது. இந்தத் தடவை அவர்கள் தேர்ந்தெடுத்த குழி, முன்பு எங்களிடம் மூன்றாவதாக இருந்தது. நாங்கள் தோற்றால் எங்கள் கடைசிக் குழியைக் கொடுத்து அனுப்ப வேண்டும். ஜெயித்தால் இந்த மூன்றாவது எங்களோடு வரும். மயிலாத்தாள் அதன் அருகில் போய்க் குனிந்து பார்த்தாள்.

"எளைச்சுப் போச்சுங்க அண்ணி," என்றாள். கூடையிலிருந்து உள்ளங்கை அகல வாழையிலைத் துண்டை எடுத்து, தண்ணீர் தெளித்துத் துடைத்து, குழியின் அடியில் விரித்தாள்.

வெள்ளிமேட்டுக்காரர்கள் பந்தோடு பேசுவதில்லை, குழியோடு பேசுவார்கள். டாக்டர் முதல் வீச்சில் பந்தைப் பச்சைப் புல்தரையின் ஓரம்வரை அடித்தார். அவ்வளவு தூரத்திலிருந்து சொன்னால் குழிக்குக் கேட்காது என்பதால், அவருக்கு அந்த வீச்சு தேவைப்படுகிறது. பிறகு நடந்து வந்து, கைகளைத் துடைத்து, இடது கையை முதுகில் வைத்துக்கொண்டு குனிந்தார்.

"எங்க, ஆ காட்டுங்க. இன்னும் கொஞ்சம் பெருசா. அவ்வளவுதான், வலிக்காது."

குழி அண்டா அகலத்துக்குத் திறந்தது. பந்தைத் தட்டிவிட்டார், இலையின் ஓரத்தில் போய் விழுந்தது. நடுவர் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து, துண்டால் துடைத்து, போட்டுக்கொண்டு பார்த்து, "இருக்கு" என்றார். இரண்டு வீச்சு. டாக்டர், "துப்பீருங்க" என்றதும் பந்து அவர் கைக்கு வந்தது. குழி மூடிப் பழைய அளவுக்கு வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள், நாங்களும் தட்டினோம். நல்ல முறை. எதிலும் பிசிறு இல்லை.

என் முறை வந்தது. இரண்டில் முடித்தால் சமம். சமமானால் விருந்தாளி தோற்றதாகக் கணக்கு. ஒன்றில் முடிக்க வேண்டும்.

பந்துக்குப் பின்னால் நின்றேன். தொலைவில் கொடி தெரிந்தது. கொடியோடு மயிலாத்தாள், அவள் கூடை. இப்போது எதையாவது கொஞ்சம் கூடுதலாகச் செய்ய வேண்டும் போல இருந்தது. தலைப்பை இன்னும் இறுக்கமாக, மட்டையை இன்னும் ஒரு தரம். அப்படிச் செய்தால் அது நான் இல்லை. நேற்றுச் செருகியபடியே செருகினேன். இரண்டு முறை வீசினேன். வலது கால், இடது கால். மூச்சை இழுத்துப் பாதி விட்டேன்.

"போயிட்டு வா."

பந்து கிளம்பியது. மைதானத்துக்கு மேலே உயர்ந்து, மேகத்தின் கீழ் சற்றே வளைந்து, கொடியின் காலடியில் இறங்கி உள்ளே போயிற்று. வெள்ளிமேட்டுக்காரர்கள் யாரும் பதறவில்லை. என் பந்தைப் பற்றி அவர்களுக்குத் தெரியும். நான் மட்டையை ஊன்றிக்கொண்டு விரைவாக நடந்தேன். அதற்குள் பந்து திரும்புவதற்காக எழும்பி, குழியின் விளிம்புக்கு வந்துவிட்டது.

"வாங்க, வாங்க!" என்றாள் மயிலாத்தாள். "எங்க கிளம்பறீங்க? இத்தன தூரம் வந்துட்டு, ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்காம?"

பந்து விளிம்பில் நின்றது.

நடுவர் கண்ணாடியைத் தேடினார். சட்டைப்பையில் இல்லை. துண்டை உதறிப் பார்த்தார்; அதிலும் இல்லை. வேட்டி மடிப்பில் தேடினார்.

"ஊர்ல எல்லாரும் சௌக்கியமுங்களா?" மயிலாத்தாள் கொடியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறுகையால் தூக்கைத் திறந்தாள். "அண்ணி உங்களப் பத்திப் பேசாத நாளில்ல. உக்காருங்க. நின்னுட்டே பேசறதா?"

பந்து கொஞ்சம் உள்ளே இறங்கியது. டாக்டர் நாச்சிமுத்து பக்கத்தில் வந்து, வெகு நயமாகச் சொன்னார்:

"அவங்களுக்கு ஆயிரம் வேலை இருக்குமுங்க. ஏன் புடிச்சு வெச்சுட்டு? மேகம் வேற கூடுது. நேரத்தோட போனாத்தான போய்ச் சேர முடியும்."

பந்து மறுபடி விளிம்புக்கு வந்தது. அதன் பாதி வெளியே தெரிந்தது. கர்னல் இஸ்ரவேல் பதற்றத்தில் எதையும் சொல்லிவிடக் கூடாது என்று, கைக்குட்டையால் தம் வாயைத் தாமே கட்டிக்கொண்டார். சென்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டார். நான் பந்தைப் பார்த்தேன். அதுவும் என்னைப் பார்த்தது. வரச் சொன்னவள் நான்தான்.

மயிலாத்தாள் குரலை உயர்த்தவில்லை.

"இலை போட்டாச்சுங்க," என்றாள்.

போட்ட இலையை விட்டு எழுந்து போவது எப்படி என்று டாக்டருக்கும் தெரியவில்லை. பந்து மெல்ல உள்ளே இறங்கி, இலைக்கு முன்னால் அமர்ந்தது. மயிலாத்தாள் முதலில் ஒரு சிட்டிகை சர்க்கரை வைத்தாள். பிறகு பருப்பு, ஒரு பருக்கையளவு சாதம், அதன்மேல் ஒரு சொட்டு நெய்.

"கூச்சப்படாதீங்க. நம்ம குழிதான் இது. எங்க பொறந்த ஊர்க் குழி."

கண்ணாடி நடுவரின் நெற்றியிலேயே இருந்தது. சென்னியப்பன் கண்ணைத் திறந்ததும் அதைப் பார்த்துச் சொன்னார். நடுவர் அதை இறக்கிவிட்டு, முழங்காலில் கையூன்றிக் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இருக்கு," என்றார்.

"நல்லாப் பாருங்க," என்றார் டாக்டர்.

"இருக்குதுங்க டாக்டர். இப்பத்தான் ரசத்துக்கே வந்துருக்குது."

ஒரு வீச்சு. கர்னல் கைக்குட்டையோடு குதித்தார். டாக்டர் என் கையைக் குலுக்கிவிட்டு, மயிலாத்தாளிடம் ரசத்தில் என்ன பருப்பு என்று விசாரித்தார். பந்து மோர்வரை இருந்து சாப்பிட்டது. பிறகு எழும்பி, வழக்கத்தைவிடத் தாழ்வாகவும் மெதுவாகவும் பறந்து என் காலடிக்கு வந்தது. எடுத்துப் பையில் போட்டதும் தூங்கிவிட்டது.

வெள்ளிமேட்டுக்காரர்கள் நாணயமானவர்கள். மூன்றாம் குழியை வேர் அறுபடாமல் தோண்டி எடுத்து, ஈரச் சாக்கில் சுற்றி, சணல் கட்டிக் கொடுத்தார்கள். டாக்டர் அதை ஒருமுறை ஆ காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குது. இனிப்பு அதிகம் குடுக்க வேண்டாம். ஆறு மாசத்துக்கு ஒருக்கா கொண்டுவந்து காட்டுங்க" என்றார். அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று நான் சொன்னேன். பலகையின் துணி காற்றில் விலகியிருந்தது. அவர்களே அதை இழுத்து மூடினார்கள்.

பேருந்தில் கூட்டம் இல்லை. நடத்துநர் எங்கள் இருக்கைக்கு வந்து சாக்குப் பொதியைப் பார்த்தார்.

"என்னங்க அது?"

"குழிங்க," என்றாள் மயிலாத்தாள்.

"மடியில வெச்சுக்கிட்டீங்கன்னா டிக்கெட் வேண்டாம். கீழ மட்டும் வெச்சுராதீங்க. வண்டி உள்ள எறங்கிரும்."

அவள் மடியில் வைத்துக்கொண்டாள். சங்கத்தில் உறுப்பினர் கட்டணம் எவ்வளவு என்று சென்னியப்பனிடம் கேட்டாள். கொடி பிடிப்பவருக்குக் கட்டணம் கிடையாது என்று அவர் அப்போதே முடிவு செய்து சொன்னார். கர்னல் கைக்குட்டையை அவிழ்த்துவிட்டு, மயிலாத்தாள் கூடையில் கொண்டுவந்திருந்த சந்தகையைச் சாப்பிட்டார். இரண்டு குழிகளுக்கு இடையே எவ்வளவு தூரம் விடலாம் என்று நான் மனத்தில் அளந்துகொண்டிருந்தேன்.

அடிவார நிறுத்தத்தில் ஒருவர் ஏறினார். மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவு ஒன்றைப் பாய் போலச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். மகள் வீட்டில் கேட்டார்களாம். மடியில் அடங்காது என்பதால் நடத்துநர் அதற்கு அரை டிக்கெட் போட்டு, மேலே சாமான் வைக்கும் இடத்தில் ஏற்றிக் கட்டினார். அதன் பிறகு பேருந்து நேராகவே ஏறியது. வெயில் இருக்கும்போதே ஊர் வந்து சேர்ந்துவிட்டோம்.